ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத பெயர்கள்

13-ஆம் நம்பர் ஸ்பேனர் அந்த நட்டில் நுழையாது. 14 நுழையும், ஆனால் ஆடும். ஆடுகிற ஸ்பேனரில் பலம் கொடுத்தால் நட்டின் ஆறு முனைகளும் மழுங்கிவிடும். அதற்குப் பிறகு உளியும் சுத்தியலும்தான். பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளில் கை வைத்த எல்லோருக்கும் இது தெரியும். அந்த நட்டுக்கு வேண்டிய ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீட்டர். ஸ்பேனரின் மேல் கால் அங்குலம் என்று பொறித்திருப்பார்கள். வாயை அளந்தால் கால் அங்குலம் வராது. பொறித்திருப்பது போல்ட் தண்டின் அளவு. ஜோசப் விட்வொர்த் 1841-இல் இங்கிலாந்தின் பட்டறைகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு மரையை முன்மொழிந்தார். அதன் கோணம் 55 பாகை. பின்னர் அதிலிருந்து நெருக்கமான மரை ஒன்று வந்தது. சைக்கிள் தயாரித்தவர்கள் தங்களுக்கென்று 60 பாகையில், அங்குலத்துக்கு 26 சுற்று வரும் மரை ஒன்றை வைத்துக்கொண்டார்கள். சைக்கிள் கம்பெனிகளே மோட்டார் சைக்கிள் கம்பெனிகளாக மாறியதால், ஒரே வண்டியில் இவையெல்லாம் கலந்து கிடக்கும்.

இந்த ஸ்பேனர்கள் கோயமுத்தூர் வட்டாரத்தில் ஒருகாலத்தில் அரிய பொருளாக இருந்ததில்லை. தோட்டத்துச் சாளையில், விதைச்சோள மூட்டைக்குப் பக்கத்தில், ஒரு தகரப் பெட்டியில் கிடக்கும். அவை மோட்டார் சைக்கிளோடு வந்தவை அல்ல. கிணற்று மேட்டில் நின்ற ஆயில் எஞ்சினோடு வந்தவை. கொங்கு நாட்டின் வெள்ளாமை ஆழக் கிணற்றை நம்பியது. கவலை ஓட்டி மாடுகள் இறைத்த தண்ணீரை எஞ்சின்கள் இறைக்கத் தொடங்கியபோது, அந்த எஞ்சின்கள் இங்கிலாந்து அளவுகளில் வந்தன. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலையோடு தொடங்கிய நூற்பாலைகளின் இயந்திரங்களும் அப்படித்தான். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கியது. ஆலைகள் பெருகின, கிணறுகளில் மோட்டார் பம்புகள் இறங்கின. ஒரு பம்பு நின்றால் பயிர் வாடும், ஒரு கதிர் நின்றால் ஆலைக்கு நட்டம். மான்செஸ்டருக்கு எழுதிப்போட்டுவிட்டுப் பாகம் வரும்வரை காத்திருக்க யாராலும் முடியாது. அதனால் பீளமேட்டிலும் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் லேத்துகள் சுற்றத் தொடங்கின, வார்ப்புச் சாலைகள் எழுந்தன. பி.எஸ்.ஜி. நிறுவனம் பம்பும் செய்தது, லேத்தும் செய்தது.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் இந்த மண்ணில் இத்தனை காலம் ஓடியதற்கு முதற்காரணம் இங்குள்ள தண்ணீர்ப் பஞ்சம் என்றே நான் நினைக்கிறேன். பணக்காரர்களின் ரசனை அதற்குப் பிறகுதான். பம்பு தண்டுக்குப் புஷ் கடையத் தெரிந்த கைக்கு ராக்கர் தண்டுக்குப் புஷ் கடைவது புது வேலையில்லை.

ஜி.டி. நாயுடுவின் கதையை கோவைப் பிள்ளைகள் பள்ளியிலேயே கேட்டிருப்பார்கள். 1893-இல் சூலூர் அருகே கலங்கலில் பிறந்தவர். இருபது வயதில் லங்காஷயர் என்ற ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதை வாங்குவதற்காகவே கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். மூன்று ஆண்டுகள் சேர்த்த பணத்தில் 300 ரூபாய் கொடுத்து வாங்கினார். வாங்கியதும் பாகம் பாகமாகப் பிரித்தார், மறுபடி பூட்டினார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அடுத்த படிக்கு ஓடிவிடுகிறார்கள்: 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடிய பஸ், யு.எம்.எஸ். பஸ் கம்பெனி, 1937-இல் மின்மோட்டார். நான் அந்தப் பிரித்த வண்டியின் முன்னாலேயே நிற்க விரும்புகிறேன். ரட்ஜ் கவென்ட்ரியில் செய்யப்பட்ட வண்டி. அந்தக் காலத்து ரட்ஜில் எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோவது பெல்ட்டு. கையேடு கிடையாது, சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. எந்த ஆணி எங்கிருந்து வந்தது என்பதை அந்த இளைஞர் நினைவில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கழற்றிய வரிசையிலேயே சாக்கில் பரப்பியிருக்க வேண்டும். கொங்கு நாட்டில் மோட்டார் சைக்கிளோடு மனிதன் கொண்ட உறவு ஓட்டுவதில் தொடங்கவில்லை, கழற்றுவதில் தொடங்கியது. 1945-இல் தொழில்நுட்பக் கல்விக்கூடம் தொடங்கியபோதும் நாயுடு அந்த இளைஞரின் கட்சியில்தான் இருந்தார்: இயந்திரத்தைத் தொட்டுக் கற்கிறவனுக்கு ஆண்டுக்கணக்கான படிப்பு வேண்டியதில்லை என்று வாதாடினார்.

வேறு வழிகளிலும் வண்டிகள் வந்தன. வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலைத் தோட்டத் துரைமார் வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுதுபார்க்க ‘கருடா’ என்ற பெயரில் கோவையிலேயே ஒரு நிலையம் நடத்தியது. போருக்காக இங்கிலாந்து பல்லாயிரக்கணக்கில் செய்து தள்ளிய பி.எஸ்.ஏ. எம்20, நார்ட்டன் 16எச், மேட்ச்லெஸ் ஜி3எல் ஆகியவை போர் முடிந்ததும் உபரியாகி, ஏலத்தில் கைமாறின. பி.எஸ்.ஏ. எம்20 500 சிசி சைடு வால்வு எஞ்சின். வேகம் கிடையாது, ஆனால் சேற்றிலும் மணலிலும் நிற்காது. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. நார்ட்டனுக்கும் ஏரியலுக்கும் டிரையம்புக்கும் ஸ்பேர் வருவது நின்றது. வண்டி மட்டும் நிற்கவில்லை.

புல்லட்டின் வழி வேறு. ராயல் என்ஃபீல்டு கம்பெனி இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரைச் சேர்ந்தது. புல்லட் என்ற பெயர் 1932-இல் வந்தது. நாம் அறிந்த உருவம், பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்தது, 1948-49-இல் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ரெட்டிச்சோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளுமே கப்பலேறி வந்தன. 70 மில்லிமீட்டர் குறுக்களவு, 90 மில்லிமீட்டர் ஓட்டம், 346 சிசி. வலக்காலில் கியர், ஒன்று மேலே, மூன்று கீழே, இடக்காலில் பிரேக். நாடு மெட்ரிக் அளவைக்கு மாறிய பிறகும் புல்லட்டின் எஞ்சின் பல பத்தாண்டுகள் அங்குல மரையிலேயே இருந்தது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது, பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவனில் இருந்த மிச்சப் பகுதி 1970-இல். 1977-இல் திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. இன்று ரெட்டிச்சில் பிறந்த ஐம்பதுகளின் புல்லட்டை வைத்திருக்கும் ஆங்கிலேயர், அதற்குப் பாகம் வேண்டுமென்றால் பெரும்பாலும் இந்தியப் பாகத்தைத்தான் தேடுகிறார்.

இதெல்லாம் கம்பெனிகளின் சரித்திரம். புத்தகங்களில் இருக்கிறது. நான் சொல்லவந்தது லேத் பட்டறையின் சரித்திரம். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஸ்பேர் கிடைக்காத வண்டியின் தேய்ந்த புஷ்ஷை எடுத்துக்கொண்டு கணபதிப் பக்கம் போனால், லேத்துக்காரர் முதலில் கேட்பது, “மாதிரி கொண்டாந்திருக்கீங்களா?” தேய்ந்துபோனதுதான் இருக்கிறது என்றால், “தேஞ்சதே போதுமுங்க” என்பார். அந்த ‘போதுமுங்க’வுக்குள் இருக்கும் அறிவு சாதாரணமானதில்லை. தேய்ந்த புஷ் அதன் பழைய அளவைச் சொல்லாது. ஆனால் தண்டு உரசாத ஓரத்தில், எண்ணெய்க் கசண்டுக்கு அடியில், ஒரு மெல்லிய வளையம் தேயாமல் இருக்கும். அதை மண்ணெண்ணெயில் கழுவி, மைக்ரோமீட்டரில் பிடித்து, தண்டின் தேயாத முனையையும் அளந்து, இரண்டுக்கும் நடுவே எண்ணெய் நிற்க எத்தனை ‘தௌ’ விட வேண்டும் என்று முடிவுசெய்வார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தௌ. கன்மெட்டலா, பாஸ்பர் பிரான்ஸா என்பது அடுத்த முடிவு. புஷ்ஷை உள்ளே அடித்து இறக்கும்போது அது சற்றுச் சுருங்கும். அதையும் கணக்கில் வைத்து உள்துளையை முன்கூட்டியே கொஞ்சம் தாராளமாக விடலாமா, இறக்கிய பிறகு ரீமர் போடலாமா என்பது மூன்றாவது முடிவு. எண்ணெய் ஓட உட்புறம் ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். அது எந்தப் பக்கம் வாய் திறக்க வேண்டும் என்பது நான்காவது. இவையெல்லாம் ஒரு தேநீர் ஆறுவதற்குள் நடந்துவிடும். கூலி மிகக் குறைவு.

சிலிண்டரும் அப்படித்தான். தேய்ந்தால் 20 தௌ கடைந்து பெரிய பிஸ்டன் போடுவார்கள். அடுத்து 40, அடுத்து 60. அதற்கு மேல் சுவர் தாங்காது. ஸ்லீவ் இறக்கி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே பழைய எஞ்சின் ஒன்றின் சிலிண்டரை அளந்தாலே அது எத்தனை முறை படுத்து எழுந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். மட்கார்டில் பித்தளைப் பற்றவைப்பின் தழும்பு, ஃபுட்ரெஸ்டில் உள்ளூர் வார்ப்பின் மணல் சொரசொரப்பு, உடைந்த கியர் லீவரின் நுனியில் வேறு வண்டியின் இரும்பு. இவை ஒவ்வொன்றிலும் ஒரு மனிதரின் ஒரு பொழுது இருக்கிறது.

எங்கள் வீட்டுப் புல்லட்டின் எஞ்சினை ஒருமுறை இறக்கியபோது பிரைமரி செயின் மூடியின் உள்பக்கத்தில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகளும் ஒரு தேதியும் இருந்தன. எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்த அலுமினியத்தைத் துடைத்த பிறகுதான் தெரிந்தது. அப்பாரு (தாத்தா) காலத்தில் யாரோ கிளட்ச் பிளேட் மாற்றிய நாள். அப்பாரு பெயர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் பெயர் இருக்கிறது, வரி கட்டிய விவரம் இருக்கிறது. அந்த இரண்டு எழுத்துக்காரர் யார் என்று விசாரித்தேன். அப்பாவுக்கு ஒரு முகம் நினைவிருந்தது, பெயர் நினைவில்லை.

கொங்கு நாட்டில் அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். நிலமுள்ளவர்கள், ஆலை வைத்திருந்தவர்கள், அதிகாரிகள். வண்டிக்கு முன்னால் நின்று எடுத்த ஸ்டூடியோப் படங்கள் அவர்களுடையவை. அந்த வண்டியை நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஓடவைத்தவர்கள் வேறு ஆட்கள்: பட்டறைக்கு வெளியே சாக்கு விரித்து உட்கார்ந்தவர்கள், ஆலையில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து லேத்தில் நின்றவர்கள், பத்து வயதில் ‘பையனாக’ச் சேர்ந்து மண்ணெண்ணெயில் பாகம் கழுவியவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் இருந்ததில்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்த வண்டிகளில் உள்ள பழுதுபார்த்த தடங்களே சாட்சி. வேறு ஆவணம் கிடையாது.

இப்போது நடக்கும் ‘ரெஸ்டோரேஷன்’ பெரும்பாலும் அந்தச் சாட்சியை அழிக்கிறது. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். பழைய வண்டிகளுக்கு விலை ஏறியதிலிருந்து ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. வண்டியை முழுக்கப் பிரிப்பது. சேஸிஸை மணலடித்துப் பவுடர் கோட்டிங் கொடுப்பது. ஒருகாலத்தில் வெறும் பெயின்ட் அடித்திருந்த இடத்துக்கெல்லாம் குரோமியம் பூசுவது. கைப்பட்டுத் தேய்ந்த லீவர்களை எறிந்துவிட்டுப் பளபளக்கும் புதுசைப் போடுவது. டேங்கில் ஒரு கைவினைஞர் தூரிகையால் ஒரே மூச்சில் இழுத்த தங்கக் கோட்டைத் தேய்த்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டுவது. முடிந்ததும் ‘ஒரிஜினல் கண்டிஷன்’ என்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அந்த ஒரு நாளுக்கு மட்டும் மதிப்புக் கொடுத்து, அதற்குப் பிறகான எழுபது ஆண்டுகளைக் கறை என்று எண்ணும் மனநிலை இது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் அந்த வண்டிக்குக் குரோமியம் இவ்வளவு இருந்ததும் இல்லை.

இதற்கு எதிராக, எதையும் தொடாதே என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். துருவையும் மரியாதையாகப் பார்க்கும் அந்தக் கட்சியிலும் நான் சேர மாட்டேன். தேய்ந்த ஸ்டெம் பேரிங் பாரம்பரியம் கிடையாது, ஆபத்து. பிரேக் லைனிங், டயர், ஸ்போக்ஸ், கேபிள், பழைய துணி சுற்றிய ஒயரிங் ஆகியவற்றை ஈவிரக்கம் பார்க்காமல் மாற்ற வேண்டும். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் இருந்தது. டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதித் தூசியைத் தள்ளுகிற பழக்கத்தைப் பட்டறைகளில் இன்றும் பார்க்கிறேன். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள் என்று யாராவது அந்தப் பையன்களிடம் சொல்ல வேண்டும். என் அளவுகோல் எளியது. ஓடுவதற்கும் நிற்பதற்கும் வேண்டியதை மாற்றலாம். கண்ணுக்காக எதையும் மாற்ற வேண்டாம். கடைந்து போட்ட புஷ் சரியாக ஓடுகிறது என்றால், கம்பெனிப் பாகம் இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக அதைக் கழற்றி எறியாதீர்கள்.

சட்டமும் இந்த விஷயத்தில் ஒரு நிலைப்பாடு எடுத்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் கொண்டுவந்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை ‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதியலாம். நம்பர் தகட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு கழித்து மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு ஆகியவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. விதியின் நோக்கம் நல்லது. ஆனால் சந்தைக்குப் போய்வந்த, உரமூட்டை ஏற்றிய, கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைக் கொண்டுவந்த கொங்கு வண்டியை மனத்தில் வைத்து அது எழுதப்படவில்லை. ஸ்பேர் கிடைக்காத காலத்தில் உள்ளூர்க் கார்புரேட்டர் போட்டு ஓட்டியதும், 6 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கியதும் ஏமாற்று வேலை இல்லை. அவை வண்டியின் வாழ்க்கை. மூல வடிவம் என்றால் என்ன என்பதை முடிவுசெய்யும் அதிகாரிகள் இந்த வேறுபாட்டைப் பார்க்கப் பழக வேண்டும். அன்றாடம் ஓட்டும் எண்ணமுள்ளவர்கள், வழக்கமான பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு ஓட்டுவது நல்லது என்பது என் கருத்து. இந்த எஞ்சின்கள் நின்றால்தான் கெடும்.

நிற்பதால் வரும் கேட்டைக் கொஞ்சம் விளக்குகிறேன். புல்லட்டுக்குத் தனி எண்ணெய் டேங்க் இல்லை. எண்ணெய் நிற்பது கிராங்க் அறையை ஒட்டி வார்த்த அறையில். மாதக்கணக்கில் நிறுத்தினால் எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். எண்ணெய்க் குச்சியைப் பார்த்துக் குறைந்துவிட்டது என்று மேலும் ஊற்றுகிறவர்கள் உண்டு. ஸ்டார்ட் செய்ததும் புகை ஊரைக் கூட்டும். பழைய புல்லட்டின் பிக் எண்டில் உருளை பேரிங் கிடையாது, வெண்ணுலோகம் பூசிய மிதக்கும் புஷ்தான். அதற்கு எண்ணெய் போகும் வழியில், டைமிங் மூடிக்குள், ஒரு சிறு கார்க் சீல் இருக்கிறது. விலை ஒன்றுமே இல்லை. அது சுருங்கினால் எண்ணெய் வேறு வழியில் தப்பிவிடும், பிக் எண்ட் காய்ந்து போகும். டைமிங் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அந்த சீலைக் கேட்காமலே மாற்றிவிடுகிற மெக்கானிக்கை நம்பலாம். நான் ஒரு மெக்கானிக்கை மதிப்பிடுவது இதை வைத்துத்தான்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2025-இல் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் டேங்குக்குள் பூசிய பூச்சையும் அரிக்கும். கிணற்று நீரில் உப்பு இருந்தால் பாசனத்தை மாற்றிக்கொள்வதுபோல இதற்கும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்: நிறுத்திவைக்கும்போது குழாயை மூடிக் கார்புரேட்டரைக் காலிசெய்வது, குழாய்களை ஆண்டுதோறும் பார்ப்பது, அடைப்பு வந்தால் ஜெட்டைக் கம்பியால் குத்தாமல் காற்றால் ஊதுவது.

மற்றபடி இந்த வண்டிகள் கேட்பது கவனத்தை மட்டும்தான். டேப்பெட் வைக்க ஃபீலர் கேஜ் வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் மேலே இருக்க வேண்டும்; புஷ் ராடை இரண்டு விரலால் பிடித்தால், “சுத்தோணுமுங்க, ஆடக்கூடாது” என்பார் மெக்கானிக். அவ்வளவுதான் அளவு. இக்னிஷன் டைமிங்குக்கு பாயிண்டின் நடுவே சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைச் செருகி, இழுத்துப் பிடித்தபடி கிராங்கைத் திருப்புவார்கள். தாள் விடுபடும் கணம் பாயிண்ட் திறக்கும் கணம். பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது அது நடக்க வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கும் ஒரு முறை உண்டு. சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அழுத்தினால் ஆம்மீட்டர் முள் இடப்பக்கம் சாய்ந்து, ஓரிடத்தில் நடுவுக்கு வரும். அங்கே டிகம்ப்ரஸரை இழுத்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டு, மேலே வரவிட்டு, முழுக்க உதைக்க வேண்டும். பலசாலிகள் தோற்று, முள்ளைப் பார்க்கத் தெரிந்த கிழவர்கள் ஒரே உதையில் கிளப்புவதை கோவைச் சாலைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இந்த அறிவு வயதானவர்களிடம் இருக்கிறது, வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2008-க்குப் பிறகு புல்லட்டின் எஞ்சினே மாறியது, வார்ப்பிரும்பு சிலிண்டர் நின்றது. இன்று பட்டறையில் சேரும் பையன் ஸ்கேனரைச் செருகிப் பிழை எண்ணைப் படிக்கக் கற்கிறான். அவனுக்கு அது வேண்டியதுதான், அவனைக் குறைசொல்ல மாட்டேன். சிகரெட் தாளைப் பிடிக்கும் விரலை அவனுக்குப் பழக்க யாருக்கும் நேரமில்லை என்பதுதான் வருத்தம். பிரிட்டிஷ் கம்பெனிகளின் பெயர்களே இப்போது இந்தியர் கைக்கு வந்துவிட்டன. பி.எஸ்.ஏ. பெயரை 2016-இல் மகிந்திரா குழுமம் வாங்கியது. நார்ட்டனை 2020-இல் நம் டி.வி.எஸ். வாங்கியது. பெயரை வாங்குவதற்குப் பணம் போதும். எம்20-இன் வால்வு கைடை மாதிரி இல்லாமல் கடைந்து போடத் தெரிந்தவரைப் பணம் கொடுத்து உருவாக்க முடியாது; அவருக்குப் பக்கத்தில் ஒரு இளைஞன் சில ஆண்டுகள் நின்றாக வேண்டும். அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளை நடத்தும் அருங்காட்சியகமும் கார் காட்சியகமும் இருக்கின்றன. பொறியியல் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்று கணபதியின் லேத்துக்காரர்களை அழைத்து, அவர்கள் கை வேலை செய்யும்போது படம்பிடித்து, பேசவைத்து, பெயரோடு பதிவுசெய்ய வேண்டும். பெரிய செலவு இல்லை.

உங்கள் தோட்டத்துச் சாளையில் சாக்குப் போர்த்திய வண்டி ஒன்று நிற்கலாம். அதை எடுத்து ஓடவைக்க நினைத்தால் நல்லது. கடைக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். கழற்றும்போது பக்கத்தில் இருங்கள். எந்தப் பாகம் கம்பெனியுடையது, எது இங்கே கடைந்தது, எது வேறு வண்டியிலிருந்து வந்தது என்று மெக்கானிக் சொல்லச் சொல்ல எழுதுங்கள். மூடிகளின் உள்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். எழுத்தோ தேதியோ இருந்தால் அதன் மேல் பாலிஷ் போட விடாதீர்கள். மாற்றிய பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாமல் சீட்டுக் கட்டி வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் முன்பு, அந்த வண்டியைக் கடைசியாகப் பிரித்துப் பூட்டியவர் இருக்கிறாரா என்று ஊருக்குள் விசாரியுங்கள். இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். அவர் பெயரைக் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.